மூன்று நாள் தூரம்

ஜூன் 3, திங்கள்

ஜூன் மாதத்தில் புது டைரி தொடங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஜனவரியில் கொடுத்தது போக மிஞ்சிய ஒன்றை இன்று என் தலையில் கட்டிவிட்டார். "எழுது ஈஸ்வரி, மனசுக்கு நல்லது" என்றார். எழுதுகிறேன். வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். மறைக்க என்ன இருக்கிறது?

முழுப்பெயர் பாண்டீஸ்வரி. ஸ்டாஃப் நர்ஸ். ஒரு மகள், தர்ஷினி, மூன்றாம் வகுப்பு. ஏழெட்டு மாதமாக எங்கள் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் ஓர் ஆராய்ச்சிக்கு என்னை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் ஹெப்சிபாதான் இங்கே அதற்குத் தலைமை. கருக்கலைப்புக்கு வருகிற பெண்ணுக்கு அன்றைக்கே, அவள் சம்மதித்தால், கருத்தடைக்கான மூன்று மாத ஊசியையும் போட்டு அனுப்பிவிடலாமா, அல்லது வழக்கம்போல "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லலாமா? இரண்டில் எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால் பாதிப் பேர் வருவதில்லை. வீட்டில் என்ன காரணம் சொல்லிவிட்டு வருவாள்? அடுத்த வருஷம் இன்னொரு கருவோடு அழுதுகொண்டு வருவாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போய்விட்டது.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும், பெருமைக்காகத்தான். இந்த ஆராய்ச்சி நடக்கும் எல்லா ஊர்களுக்கும் சென்னையிலிருந்து வந்த கேள்விகளில், "கடந்த மாதம் எத்தனை நாள்கள் உதிரப்போக்கு இருந்தது?" என்று ஒன்று. எங்கள் பக்கத்துப் பெண்ணிடம் போய் இப்படிக் கேட்டால் ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டதென்று பயந்துவிடுவாள். "இந்த மாசம் எத்தனை நாள் தூரம்?" என்று மாற்றினேன். டாக்டர் மேடம் நாகர்கோவில்காரர். "தூரம்னா எத்தனை கிலோமீட்டர்னு சொல்லுவாங்களா?" என்று கேலி செய்தார். இங்கே மாதவிலக்கைச் சின்னப் பிள்ளைகூடத் தூரம் என்றுதான் சொல்லும் என்று வாதாடி ஜெயித்தேன்.

அத்தை இன்றும் ஆரம்பித்துவிட்டார், தர்ஷினிக்கு ஒரு தம்பி வேண்டாமா என்று. நான் பாத்திரம் கழுவினேன். சத்து மாத்திரை போட்டாயிற்று.

ஜூன் 5, புதன்

கிராமத்துக்குப் போகும் நாள். ஆராய்ச்சியில் இருக்கும் பெண்களின் பெயரையோ ஊரையோ வெளியே எங்கும் எழுதக் கூடாது. கணவருக்குக்கூடச் சொல்லக் கூடாது. அதனால் இந்த டைரியில் அந்த ஊர் ஆறாம் மைல். அங்கே இருப்பவள், எப்போதும் அந்தப் பூவைத் தலையில் வைத்திருப்பதால், கனகாம்பரம்.

ஊர் பார்வைக்கு நான் ரத்தசோகை சிஸ்டர். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்து எங்கள் லேபுக்குக் கொண்டுபோகிறேன். அந்தச் சாக்கில் மற்றக் கேள்விகளையும் கேட்டுவிடுவேன்.

கனகாம்பரத்துக்கு இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் லாரி ஓட்டுகிறார். மூன்றாவதும் உண்டானபோது தனியாக எங்களிடம் வந்தாள். அவளுடைய கையெழுத்து மட்டும் போதும், வேறு யாரும் வர வேண்டாம் என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே ஊசியும் போட்டுக்கொண்டாள். இதுவரை மூன்று ஊசி ஆகிவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"எத்தனை நாள் தூரம் இந்த மாசம்?" என்று கேட்டேன்.

"மூணு நாளு சிஸ்டர்." முறத்திலிருந்து அவள் நிமிரவேயில்லை.

குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த மாமியார், "மூணே நாளுதான். முட்டுவீட்டுக்குச் சோறு சொமந்தது நான்ல" என்றார்.

முட்டுவீடு என்பது ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் அறை. தூரமான பெண்கள் மூன்று நாள் அங்கேதான் தங்க வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் ஒன்று உண்டு. சிமெண்ட் சீட் போட்ட கூரை, ஃபேன் கிடையாது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாட்சியோடு கிடைத்த பதில். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

அத்தை பீரோவை ஒழுங்கு பண்ணப்போவதாகச் சொன்னார். சத்து மாத்திரையைத் தர்ஷினியின் ஸ்வெட்டருக்குள் மாற்றிவைத்தேன்.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கும் குழுவிடமிருந்து மேடத்துக்கு மெயில். தலைவர் பேராசிரியர் ஸ்ரீவத்சன். விஷயம் இதுதான். மூன்று மாத ஊசி போட்டால் மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும், போகப் போகப் பலருக்கு நின்றே போகும். அதனால் கெடுதல் இல்லை, அது ஊசியின் குணம். மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் ஊசி போட்ட எல்லோருக்கும் மாதம் தவறாமல் மூன்று நாள். "இது எந்தப் பெண் உடம்பிலும் நடக்காது. யாரோ உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய பதில்களாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறார்கள்.

யாரோ என்றால் யார்? கேள்வி கேட்பவள் நான் ஒருத்திதானே.

ஜூலை நான்காம் தேதி நேரில் வருகிறார்கள். விளக்கம் சரியில்லை என்றால் எங்கள் ஆஸ்பத்திரியை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இத்தனை பெண்கள் பயந்து பயந்து வந்து சொன்னதெல்லாம் குப்பைக்குப் போகும். நான் பொய்க்கணக்கு எழுதினவள் ஆவேன். வெயிலில் பஸ் ஏறி இறங்கி, நாய்க்கடிக்குத் தப்பி, வீடு வீடாகப் போனது நான். உட்கார்ந்த இடமாம். எனக்கு வந்த கோபத்தில் டிபன் பாக்ஸை ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது. "உன் மூஞ்சி மாதிரியே இருக்கும்மா" என்றாள் தர்ஷினி.

ஜூன் 14, வெள்ளி

மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "ஈஸ்வரி, ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். நீயா எழுதினியா?"

"இல்ல மேடம்."

"சரி. இனிமே அதைப் பத்திப் பேச்சு இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ஆயுசுக்கும் வேலை செய்யலாம். அதன் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். மருந்து சரியாகத்தான் இருக்கிறது. ஊசி போட்டவர்களில் ஒருத்திகூடக் கர்ப்பமாகவில்லை. அப்படியென்றால் உடம்பில் மருந்து வேலை செய்கிறது. மாதவிலக்கு மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்?

"கனகாம்பரத்தோட மாமியாரே சாட்சி சொன்னாங்க மேடம்" என்றேன்.

"அவங்க எதைப் பாத்தாங்க?"

"முட்டுவீட்டுக்குச் சோறு கொண்டுபோனாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "சோறு கொண்டுபோனாங்க. அது சரி. வேற எதைப் பாத்தாங்க?"

போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். மாமியார் இருக்கும் வீட்டில் இதை எப்படிக் கேட்பது? மாமியார் வாசலைத் தாண்டி உள்ளே வராத இடம் ஒன்றுதான் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

ஆறாம் மைலில் கனகாம்பரம் தூரம் என்று மாமியார் சொன்னார். மற்ற வீடுகளை முடித்துவிட்டு, கடைசியாக முட்டுவீட்டுக்கு நடந்தேன். அங்கே போய்விட்டு வந்தால் திரும்ப எந்த வீட்டுக்குள்ளும் விட மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். இந்த அறையிலிருந்து சிரிப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

உள்ளே மூன்று பேர். ஒருத்தி கனகாம்பரம். இன்னொருத்தியும் எங்கள் ஆராய்ச்சிப் பெண்தான், குரல் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் ட்ராக்டர். மூன்றாமவள் பத்தாவது படிக்கும் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொன்னேன். அவள் தூங்கும் வரை மூன்று பேரும் கோழிக்குஞ்சு விலையைப் பற்றிப் பேசினோம்.

பிறகு குரலை இறக்கி, "இன்னைக்கு எத்தனையாவது நாளு?" என்றேன்.

"ரெண்டாம் நாளு."

"துணி எத்தனை மாத்துனீங்க?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "துணியா? எதுக்கு?" என்றாள் கனகாம்பரம்.

"எதுக்கா? தூரம்னு சொன்னீங்க?"

"ஆமா. தூரமாத்தானே உக்காந்திருக்கோம்."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கனகாம்பரம்தான் பொறுமையாகச் சொன்னாள். ரெண்டாவது ஊசிக்குப் பிறகு அவளுக்கு ஒரு சொட்டுக்கூடப் படவில்லையாம். நாங்கள்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தோமே, பயமில்லை. ஆனால் நாள் தள்ளிப்போனதும் மாமியார் இவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா முழுகாம இருக்கான்னு ஊரையே கூட்டியிருக்கும் சிஸ்டர். அப்புறம் டாக்டர்ட்டக் கூட்டிப் போகும், குட்டு ஒடஞ்சுபோகும். அதான் பாயச் சுருட்டிக்கிட்டு இங்கிட்டு வந்துட்டேன்."

"மாசா மாசமா?"

"மாசா மாசம். நாளு தவறாம."

ட்ராக்டர் இடையில் புகுந்தாள். "நானும் அதே சோலிதான். ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி தெரியாம நடிச்சுக்கிட்டிருந்தோம். போன மாசம் பாத்தா இவ கொடியில துணி காயப்போடல. நானும் போடல. நீ எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டேன். அம்புட்டுத்தான்."

"அப்ப நான் வந்து கேட்டப்ப ஏன்டி சொல்லல?"

"நீங்க ரத்தம் பட்டுச்சான்னு கேக்கலையே. எத்தனை நாளு தூரம்னுதானே கேட்டீக. மூணு நாளு தூரமா இருந்தோம், மூணுன்னு சொன்னோம். சோதனைக்குச் சரியான பதில்தான் சொல்லணும்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீக."

பெருமையாக வாதாடி நான் மாற்றிய கேள்வி. விலக்குக்கும் அந்த வார்த்தைதான், விலகி உட்காருவதற்கும் அந்த வார்த்தைதான். எனக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"சாமி குத்தம் ஆயிராதாடி?" என்று கேட்டுவைத்தேன்.

"தூரமா இருக்குறவ கோயிலுக்குள்ள போனாத்தான் குத்தம். நாங்க ஒதுங்க வேண்டாத நாளும் ஒதுங்கித்தானே இருக்கோம்? சாமிக்கு இதுல என்ன நட்டம்?" என்றாள் ட்ராக்டர்.

கிளம்பும்போது கனகாம்பரத்திடம், இந்த அறையைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது என்று சொன்னேன். "எங்களுக்கும் வரும் சிஸ்டர். மழை பெஞ்சா ஒழுகும், பாம்பு வரும். ஆனா மாடு, அடுப்பு, களையெடுப்பு எதுவும் இந்த மூணு நாளு கிடையாது. வலி இல்லாம, ரத்தம் இல்லாம மூணு நாளு லீவு. கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்குற உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஜூன் 19, புதன்

மேடத்திடம் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்புறம் முகம் மாறியது. "இதை நாம சொன்னா நம்புவாங்களா? மாட்டிக்கிட்டதும் கதை கட்டுறாங்கன்னு சொல்லுவாங்க. உன் கை படாத ஒண்ணு வேணும்."

இருவரும் ஒரே நேரத்தில் லேப் இருந்த திசையைப் பார்த்தோம். ரத்தசோகை. மாதாமாதம் ரத்தம் போகாவிட்டால் உடம்பில் ரத்தம் ஏற வேண்டும் அல்லவா? நான் ரத்தம் எடுத்துக் கொடுப்பதோடு சரி. அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது லேப்காரர்கள். ஊர் வாயை மூட வைத்துக்கொண்டிருந்த சாக்கு அது.

மேடம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். ஊசி போட்டவர்களில் அநேகம் பேருக்கு ரத்த அளவு படிப்படியாக ஏறியிருக்கிறது. இன்னும் ஊசி போடாதவர்களுக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது. எங்கள் கனகாம்பரம் வரும்போது வெளுத்துப்போய் வந்தாள், இப்போது முழு அளவுக்கு வந்துவிட்டாள். மேடம் கேண்டீனிலிருந்து இரண்டு ஜிகர்தண்டா வரவழைத்தார். அவர் காசு கொடுத்து வாங்கித் தந்து இதுவரை பார்த்ததில்லை.

ஜூன் 22, சனி

எனக்கும் இன்று தூரம். எங்கள் வீட்டில் முட்டுவீடு இல்லை; பின்பக்கத்து அறை, தனிப் பாய், தனித் தட்டு. அடுப்படிக்குள் போகக் கூடாது, அத்தைதான் சமைப்பார். படித்த நர்ஸ் வீட்டில் இது என்ன பழக்கம் என்று கல்யாணமான புதிதில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். வயிற்றுவலி உயிரை எடுத்தது. ஆனாலும் மத்தியானம் தூங்கினேன். கனகாம்பரம் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஜூன் 25, செவ்வாய்

சம்மதம் கேட்காமல் ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகப் பார்த்தேன். வெவ்வேறு ஊர், ஒரே கதை. ஒருத்தி சத்துமாவு வாங்க வந்த இடத்தில் சொன்னாள். ஒருத்தி எங்கள் வார்டுக்கே வந்து சொன்னாள். எல்லோரும் போட்ட நிபந்தனை ஒன்றுதான், ஊர் பெயர் வரக் கூடாது.

கனகாம்பரம் மட்டும் கேட்டாள். "நாங்க இப்படிச் செஞ்சதுக்கு ஊசிய நிப்பாட்டிருவாங்களா?"

"நிப்பாட்ட விட மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான், அப்படிச் சொல்ல நான் யார் என்று தோன்றியது.

ஜூலை 4, வியாழன்

முழுவதையும் எழுதாமல் தூங்கக் கூடாது.

குழுவில் நான்கு பேர். நடுவில் பேராசிரியர் ஸ்ரீவத்சன். கடைசியில் காதோரம் நரைத்த ஓர் அம்மா, வந்ததிலிருந்து பேசவே இல்லை. நான் சுவரோரமாக நின்றேன். புடவைத் தலைப்பைத் திருகித் திருகி நுனி கயிறாகிவிட்டது.

மேடம் முதலில் ரத்த அளவுகளைக் காட்டினார். லேபில் பதிவான தேதிகளோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்தார்கள். பேராசிரியர், "ரத்தம் ஏறியிருக்கு, ஒத்துக்கறேன். அப்போ மூணு நாள், மூணு நாள்னு ஏன் இருக்கு? அந்தப் பொண்ணுங்க பொய் சொன்னாங்களா, இந்த சிஸ்டர் பொய் சொன்னாங்களா?" என்றார்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன்.

"யாருமே பொய் சொல்லல சார். நான் கேட்டதுக்கு அவங்க நெசத்தத்தான் சொன்னாங்க. கேட்டதுதான் தப்பு. எத்தனை நாள் தூரம்னு கேட்டேன்."

"தூரம்னா? கிலோமீட்டரா?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. நான் முட்டுவீட்டைப் பற்றிச் சொன்னேன். நாள் தள்ளினால் மாமியார் கண் எங்கே போகும் என்பதைச் சொன்னேன். கொடியில் துணி காயாததைச் சொன்னேன். ஊர் பெயரைச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த நரைத்த அம்மா வாய் திறந்தார். "எங்க ஊருலயும் முட்டுவீடு உண்டு. எம்.பி.பி.எஸ். படிக்கிறப்ப லீவுக்கு வந்தா எங்கம்மா என்னையும் அங்க அனுப்பும். பரிச்சைக்குப் படிக்க வேற இடம் கெடையாதுன்னு, இல்லாத தூரத்துக்கெல்லாம் நான் அங்க போயி உக்காந்திருக்கேன்." பிறகு பேராசிரியரைப் பார்த்து, "இவங்க சொல்றது சத்தியம் சார். தூரம்னு கேட்டா முட்டுவீடு இருக்குற எந்த ஊருலயும் இதே பதில்தான் வரும்" என்றார்.

பேராசிரியர் எழுந்து என்னிடமே வந்தார். "சிஸ்டர், உக்காந்த இடத்துல எழுதினதுன்னு நான்தான் எழுதினேன். தப்பு. மன்னிச்சிடுங்க." இவ்வளவு பெரிய ஆள் கைகூப்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நானும் கூப்பினேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் தொடரும். கேள்வி எல்லா ஊரிலும் இனி இரண்டாகிறது: ரத்தம் பட்டது எத்தனை நாள், ஒதுங்கி இருந்தது எத்தனை நாள். அடுத்த ஊசிக்கு விடாமல் வருகிறவர்கள் எங்கள் ஊரில்தான் அதிகமாம். அதைப் பேராசிரியரே வாசித்தார்.

வெளியே வந்ததும் மேடம் என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

ஆறாம் மைல் போய்ச் சொன்னேன். ட்ராக்டர் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மாமியார் என்ன விசேஷம் என்று ஓடிவந்தார். "ஒங்க மருமகளுக்கு ரத்தம் நல்லா ஏறியிருச்சும்மா" என்றேன். அது உண்மை. மாமியாருக்கும் ஒரே பூரிப்பு, எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

ஜூலை 20, சனி

மேடத்திடம் ஒரு சொந்த வேலை இருந்தது, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டது. முடித்துவிட்டேன். கை கொஞ்சம் வலிக்கிறது. டி.டி. ஊசி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

இன்றிலிருந்து சத்து மாத்திரை வேண்டியதில்லை. ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டாவது டி.டி. போட்டாயிற்று.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. முறுக்கு, அதிரசம், மிக்சர், நாத்தனார் வீட்டுக்குத் தனியாக இரண்டு டப்பா என்று அத்தை வெள்ளிக்கிழமையே திட்டம் போட்டுவிட்டார். எல்லாம் என் தலையில்தான். காலையில் அரிசி மாவு சலிக்கக் கூப்பிட்டார்.

நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூரமா?"

"ஆமாத்தை."

"இந்த நேரம் பாத்தா?"

"என்னத்தை செய்யறது?"

பின்பக்கத்து அறையில் பாயை விரித்து, லைப்ரரியில் எடுத்து நாலு மாதமாகத் திறக்காத நாவலை எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் வீட்டுக்காரர் முறுக்குப் பிழிகிறார். "ஏன்டா இம்புட்டு மொத்தமா விழுகுது?" என்று அத்தை அவரைத் திட்டுவது இங்கே கேட்கிறது.

தர்ஷினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "அம்மா, வயிறு வலிக்குதா?"

"இல்லடா செல்லம். கொஞ்சம்கூட வலிக்கல" என்றேன். அறுபதாம் பக்கத்தில் இருக்கிறேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.